எழுத மறுக்கும் பென்டிரைவ்



கணினியில் செருகிய பென்டிரைவுக்குள் புதிதாக ஒரு படத்தை வைக்கப் போகிறோம். கணினி மறுத்துவிடுகிறது. "த டிஸ்க் இஸ் ரைட் புரொடெக்டட்" என்று ஓர் ஆங்கில அறிவிப்பு திரையில் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பதில் ஒன்றை அழிக்கலாம் என்று பார்த்தால் அப்போதும் அதே அறிவிப்பு. இருக்கிற படங்களோ தெரிகின்றன, பாட்டுக் கேட்கிறது, கடிதங்களைத் திறந்து படிக்க முடிகிறது. கூட்டவும் குறைக்கவும் மட்டும் வழியில்லை. "இந்தப் பூட்டை எப்படித் திறப்பது?" என்று நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள், பெரியவர்களும் கேட்கிறார்கள். அதைத்தான் இன்று சற்று விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

கட்டை விரல் அளவுள்ள சிறு கருவி. கெட்டால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணக்கூடும். கருவியை வாங்கலாம். உள்ளே இருப்பதை எந்தக் கடையில் வாங்குவது? தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டு, லயங்கள் இடிபட்டுப் போன பிறகு நம்மில் பலருடைய பழைய வாழ்க்கை படங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்த கடைசித் தீமிதி, ஆயாக் கொட்டகையின் முன்னே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடுத்த படம், பாட்டி பாடிய தாலாட்டு ஆகியவற்றை எல்லாம் பழைய கேசட்டிலிருந்தும் வீடியோ நாடாவிலிருந்தும் கடையில் கொடுத்து மாற்றி, ஒரே ஒரு பென்டிரைவில் போட்டு, சாமி மேடைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஐந்தாம் படிவப் பிள்ளையின் இடுபணியும், அப்பாவின் ஊழியர் சேமநிதிக் கணக்குத் தாள்களும், அக்காளின் திருமணப் படங்களும் அதே பென்டிரைவில் இருக்கும். பூட்டைத் திறக்கிறேன் என்று சொல்லி இவற்றை எல்லாம் ஒரு நொடியில் துடைத்துவிடுவது மிகவும் எளிது. அப்படித் துடைத்துவிடும் முறைகளே ஊரில் அதிகம் சொல்லப்படுகின்றன என்பதும் வருந்தத்தக்க உண்மை.

ஆகையால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எழுத மறுக்கும் பென்டிரைவைப் பெரும்பாலும் படிக்க முடியும். படிக்க முடிகிற அந்த நேரத்திலேயே உள்ளே உள்ள அனைத்தையும் வேறோர் இடத்திற்குப் படியெடுத்துவிட வேண்டும். பூட்டு ஏன் விழுந்தது, எப்படி எடுப்பது என்ற ஆராய்ச்சி எல்லாம் அதற்குப் பிறகுதான். வீட்டில் கணினி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இன்றைய கைத்தொலைபேசிகளில் பலவற்றில், ஒரு சிறிய இணைப்பானை இடையே வைத்துப் பென்டிரைவைச் செருகலாம். கைப்பேசியில் இடமிருந்தால் அங்கேயே படியெடுத்துக்கொள்ளலாம்.

சரி, இந்தப் பூட்டு என்பது என்ன? இது புதிய சங்கதி அன்று. கேசட் வைத்திருந்த வீடுகளில் எல்லாம் இதே பூட்டு இருந்தது. நம் பெரியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

நெதர்லாந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட அந்தச் சிறிய ஒலிநாடாப் பேழையை நினைத்துப் பாருங்கள். நாடா தெரியும் வாய்ப்பகுதி கீழே இருக்கும்படி கையில் பிடித்தால், மேல் விளிம்பின் இரண்டு கோடியிலும் பல் போன்ற இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். நம்மைப் பார்த்திருக்கும் பக்கத்திற்கு உரியது இடது கோடியில் இருப்பது. அதைக் கத்தி முனையால் பெயர்த்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு எதையும் பதிவு செய்ய முடியாது. பதிவுக் கருவிக்குள் இருக்கும் சிறு நெம்பு அந்தப் பல்லைத் தடவிப் பார்க்கும். பல் இருந்தால் பதிவுப் பொத்தான் இறங்கும், இல்லாவிட்டால் இறங்காது. கடையில் விலைக்கு வாங்கிய திரைப்படப் பாட்டுக் கேசட்டுகள் பல் இல்லாமலேயே வந்தன. அவற்றின் மேல் வேறொன்றைப் பதிய விரும்பிய பிள்ளைகள், அந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டு நாடாவை ஒட்டிக் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். அப்படி ஒட்டி, தாத்தாவின் குரல் இருந்த கேசட்டின் மேல் பாட்டைப் பதிந்துவிட்ட வீடுகளும் உண்டு. பூட்டு திறந்தது, குரல் போயிற்று.

நெம்புக்கு அது யாருடைய குரல் என்பது தெரியாது. பல் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றே அதற்குத் தெரியும். இந்த எளிய உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால் பென்டிரைவின் பூட்டும் எளிதில் விளங்கும். இடையில் வந்த நெகிழ்வட்டுகளிலும் இதே ஏற்பாடுதான். ஐந்தேகால் அங்குல வட்டின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். அதை ஒட்டி மூடினால் எழுத முடியாது. கேசட்டில் ஒட்டினால் எழுத முடியும், இதில் ஒட்டினால் எழுத முடியாது. முறை தலைகீழாக இருந்தாலும் கருத்து ஒன்றுதான்.

இனி, பென்டிரைவுக்கு வருவோம். விரலி என்ற அழகிய தமிழ்ப் பெயரும் இதற்கு உண்டு. இது நம் வட்டாரத்தோடு தொடர்புள்ள பொருள் என்பது பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நடந்த கண்காட்சியில் 'தம்டிரைவ்' என்ற பெயரில் இதைக் காட்டியது. அதே ஆண்டில் தைவானில் நண்பர்களோடு ஃபிசன் நிறுவனத்தைத் தொடங்கிய புவா கெயின் செங், நம் சிலாங்கூரின் சிக்கிஞ்சான் ஊரில் பிறந்தவர். பென்டிரைவை உருவாக்கியவர்களைப் பற்றிய பேச்சில் அவருடைய பெயரும் தவறாமல் அடிபடுகிறது. முதலில் செய்தவர் யார் என்பதில் நிறுவனங்களுக்கிடையே வழக்குகளே நடந்தன. அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. வயலும் மீன்பிடிப் படகும் உள்ள ஊரிலிருந்து போன ஒருவர் இத்துறையில் பெயர் பெற்றார் என்பதைப் பிள்ளைகள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

பென்டிரைவில் விழும் பூட்டு ஒரே வகையானதன்று. கருவியின் உடம்பில் போடப்பட்ட பூட்டு இருக்கலாம். கணினியின் பக்கம் போடப்பட்ட பூட்டு இருக்கலாம். பென்டிரைவுக்கென்று விண்டோஸ் குறித்து வைத்த பூட்டு இருக்கலாம். பென்டிரைவே தனக்குத் தானே போட்டுக்கொண்ட பூட்டாகவும் இருக்கலாம். எது என்று அறியாமல் கையை வைப்பது வயிற்று வலிக்காரருக்குத் தலைவலித் தைலம் தேய்ப்பது போலத்தான்.

உடம்பில் உள்ள பூட்டைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சில பென்டிரைவுகளின் ஓரத்தில் நகத்தால் தள்ளக்கூடிய சிறு விசை ஒன்று இருக்கும். பக்கத்தில் பூட்டுப் படமும் போட்டிருக்கும். மறுபக்கம் தள்ளினால் தீர்ந்தது. இன்று விற்பனையாகும் பென்டிரைவுகளில் பெரும்பாலானவற்றில் இந்த விசை இல்லை. ஆனால் கேமராக்களில் போடும் எஸ்.டி. அட்டைகளில் உண்டு. அட்டையின் இடது விளிம்பில் ஒரு வெள்ளைத் துண்டு மேலும் கீழும் நகரும். கைப்பேசியின் மிகச் சிறிய அட்டையை வைத்துச் செருகும் பெரிய உறையிலும் அது இருக்கும். கல்யாணப் படம் எடுத்த அட்டை எழுத மறுக்கிறது என்றால் பல வேளைகளில் காரணம் இதுவாகவே இருக்கும். பையிலிருந்து எடுக்கும்போது அத்துண்டு தானே நகர்ந்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த வெள்ளைத் துண்டுக்கும் அட்டையின் உட்பகுதிக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. செருகும் துளைக்குள் இருக்கும் நெம்புதான் அதைத் தடவிப் பார்க்கிறது. கேசட்டின் பல் போலவே! ஆகவே அந்தத் துண்டு உடைந்து விழுந்துவிட்டால், அது இருந்த இடத்தில் மெல்லிய ஒட்டு நாடாவைச் சீராக ஒட்டினால் போதும். கேசட் காலத்து வித்தை இன்றும் கைகொடுக்கிறது.

உடம்பில் பூட்டு எதுவும் காணவில்லையா? அப்படியானால் பென்டிரைவைக் கழற்றி வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். இது ஒன்றே பாதிக் கேள்விக்கு விடை சொல்லிவிடும். வேறு கணினியில் எழுத முடிகிறது என்றால் பூட்டு பென்டிரைவில் இல்லை. முதல் கணினியில்தான் இருக்கிறது.

கணினியில் எதற்குப் பூட்டு என்று கேட்கலாம். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தங்கள் தாள்களை யாரும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போய்விடாமல் இருக்க, எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் படிக்க மட்டும் விடும்படி அமைத்திருப்பார்கள். அங்கே நாம் செய்ய வேண்டியது, பொறுப்பாளரிடம் கேட்பதுதான். பிள்ளைகள் தங்கள் சாமர்த்தியத்தைக் காட்ட வேண்டிய இடம் அதுவன்று. ஆனால் அதே அலுவலகக் கணினி பழசாகி, கடையில் மலிவாக விற்பனைக்கு வந்து, நாம் வாங்கி வந்தால்? பூட்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். விண்டோஸ் கணினியில் 'ரெஜிஸ்ட்ரி' என்றோர் உட்பதிவேடு உண்டு. அதில் 'ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ்' என்ற தலைப்பின் கீழே 'ரைட் புரொடெக்ட்' என்ற குறிப்பு இருந்து, அதன் எதிரில் 1 என்ற எண் இருந்தால் பூட்டு போடப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை 0 ஆக்கிவிட்டுக் கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பூட்டு போய்விடும். அந்தத் தலைப்பே இல்லையென்றால் அங்கே பூட்டு இல்லை. வேறு எதையும் தொடாமல் வெளியே வந்துவிட வேண்டும். அந்தப் பதிவேட்டில் தெரியாமல் ஓரிடத்தை மாற்றினால் கணினியே எழுந்திருக்காமல் போகலாம். எனவே பழக்கமுள்ளவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது நலம்.

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. விண்டோஸ் கணினியில் 'என்.டி.எஃப்.எஸ்.' என்ற முறையில் அமைக்கப்பட்ட பென்டிரைவை ஆப்பிள் கணினி படிக்கும், எழுதாது. அங்கே பூட்டும் இல்லை, கோளாறும் இல்லை. இரண்டு கணினிகளுக்கும் எழுத்து முறை வேறு, அவ்வளவுதான்.

இனி மூன்றாவது வகை. பென்டிரைவின் மீது 'படிக்க மட்டும்' என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கும் பூட்டு. இதைத் திறக்கும் வழியைத்தான் பலரும் அரைகுறையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாம் நிதானமாகப் பார்ப்போம். பெற்றோர்கள் பிள்ளைகளின் பக்கத்தில் அமர்ந்து, ஒவ்வோர் அடியிலும் நிறுத்திச் செய்யச் சொல்லலாம்.

முதலில், வீட்டில் வேறு பென்டிரைவுகளோ வெளிவட்டுகளோ கணினியில் செருகியிருந்தால் அவற்றைக் கழற்றிவிடுங்கள். இது மிக முக்கியம். காரணம் பிறகு விளங்கும். கணினியின் தேடுமிடத்தில் 'டிஸ்க்பார்ட்' என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் தட்டினால் அந்தப் பெயருள்ள கருவி வரும். அதைத் திறக்கக் கணினி அனுமதி கேட்கும், கொடுக்கலாம். கறுப்பு நிறத்தில் ஒரு சாளரம் திறக்கும். அதில் 'லிஸ்ட் டிஸ்க்' என்று தட்டி, எண்டர் பொத்தானை அழுத்த வேண்டும். கணினியோடு இணைந்துள்ள வட்டுகள் அனைத்தும் 0, 1, 2 என்று எண்ணிட்டு வரிசையாக வரும். ஒவ்வொன்றின் கொள்ளளவும் எதிரே இருக்கும்.

இங்கேதான் கண்ணை விழித்துக்கொள்ள வேண்டும். கணினியின் சொந்த வட்டும் அந்த வரிசையில் நிற்கிறது! பெரும்பாலும் அது 0 என்ற எண்ணில் இருக்கும்; எப்போதும் அப்படித்தான் என்று நம்பிவிட முடியாது. கொள்ளளவைப் பார்த்தே பென்டிரைவை அடையாளம் காண வேண்டும். நம்முடையது 32 கிகாபைட் என்றால், வரிசையில் ஏறக்குறைய 29 கிகாபைட் என்று காட்டும். குறைத்துக் காட்டுகிறதே என்று திகைக்க வேண்டாம். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. சந்தேகம் இருந்தால் பென்டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடியும் 'லிஸ்ட் டிஸ்க்' தட்டிப் பாருங்கள். எந்த எண் மறைந்ததோ அதுதான் நம்முடையது. திரும்பச் செருகி, இன்னொரு முறை பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு 'செலெக்ட் டிஸ்க்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைத் தட்ட வேண்டும். அடுத்து 'ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க்' என்று தட்டினால் பூட்டின் நிலை தெரியும். அதில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். ஒன்று 'கரண்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்'. மற்றொன்று வெறும் 'ரீட்-ஒன்லி'. முன்னது இந்தக் கணத்தில் பென்டிரைவ் பூட்டியிருக்கிறதா என்பதைச் சொல்லும். பின்னது பூட்டி வைக்கும்படி விண்டோஸ் குறித்து வைத்திருக்கிறதா என்பதைச் சொல்லும். இப்போது 'ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' என்று தட்டுங்கள். இங்கே கடைசிச் சொல்லை இடையில் கோடு இல்லாமல் சேர்த்தே எழுத வேண்டும். மீண்டும் 'ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க்' தட்டிப் பார்த்தால், இரண்டு வரிகளிலும் 'நோ' என்று வந்திருந்தால் பூட்டு திறந்துவிட்டது. 'எக்ஸிட்' என்று தட்டி வெளியே வரலாம். உள்ளே இருந்த படம் ஒன்றுகூடப் போயிருக்காது.

இதே கறுப்புச் சாளரத்தில் 'கிளீன்' என்றொரு கட்டளையும் உண்டு. சொல்லிக் கொடுக்கும் பலர் அடுத்த மூச்சில் அதையும் தட்டச் சொல்வார்கள். 'சுத்தம் செய்' என்று இனிமையாக ஒலிக்கும் அந்தச் சொல்லுக்கு, தேர்ந்தெடுத்த வட்டின் பிரிவுகளை எல்லாம் துடைத்துவிடு என்று பொருள். கணினி, "நிச்சயமா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. எண்ணை மாற்றித் தட்டியிருந்தால் வெளியே செருகியிருந்த இன்னொரு வட்டின் உள்ளடக்கம் காணாமற் போகும். மற்றவற்றை முதலிலேயே கழற்றிவிடச் சொன்னது இதற்காகத்தான். பூட்டைத் திறக்க 'கிளீன்' தேவையே இல்லை.

சில வேளைகளில் பூட்டு என்று எதுவும் இல்லாமலேயே எழுதுவது தடைப்படும். எழுதிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைப் பிடுங்கியிருப்போம். அல்லது பாதியில் மின்சாரம் போயிருக்கும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணை அதனால் கலைந்திருக்கும். படியெடுத்த பிறகு, பென்டிரைவின் பெயர் மீது மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, 'புரோப்பர்டீஸ்', அதற்குள் 'டூல்ஸ்', அதற்குள் 'செக்' என்று போனால் கணினியே அட்டவணையைச் சரிபார்த்துத் திருத்தும். படியெடுக்கும் முன் இதைச் செய்யக் கூடாது. திருத்துவது என்றால் எழுதுவது. நலிந்த பென்டிரைவில் எழுதுவது ஆபத்து.

நலிந்த பென்டிரைவ் என்று சொன்னோம் அல்லவா? அதுதான் நான்காவது வகை. திறக்க முடியாத பூட்டும் அதுதான்.

பென்டிரைவுக்குள் நாடாவும் இல்லை, சுழலும் வட்டும் இல்லை. மிக மிகச் சிறிய அறைகள் கோடிக் கணக்கில் அடுக்கப்பட்ட ஒரு சில்லுதான் இருக்கிறது. ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோக்கா என்ற அறிஞர் 1980-களில் கண்ட முறை அது. ஒவ்வோர் அறையிலும் சிறிதளவு மின்னூட்டத்தை அடைத்து வைப்பதே எழுதுவது. அதை வெளியேற்றுவதே அழிப்பது. அறையின் சுவர் மிக மெல்லியது. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்தச் சுவர் சிறிது தேய்கிறது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வெட்டிலும் பட்டையில் ஓர் இழை சீவப்படுகிறது. ஒரே இடத்தில் சீவிக்கொண்டே போனால் மரம் காயப்படும். ஆகவே வெட்டு கீழே கீழே இறங்கும். ஒரு பக்கம் முடிந்தால் மறுபக்கம் போகும். பென்டிரைவுக்குள்ளும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. கட்டுப்பாட்டுச் சில்லு என்ற ஒன்று, கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பதுபோல, ஒரே அறைகள் தேயாதபடி வேலையை எல்லா அறைகளுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும். பழுதான அறைகளுக்குப் பதிலாக இறக்கிவிடச் சில அறைகளை இருப்பிலும் வைத்திருக்கும். ஆனால் ரப்பர் மரத்திற்கு உள்ள ஒரு பாக்கியம் இந்தச் சில்லுக்கு இல்லை. மரத்தை ஆறவிட்டால் பட்டை மறுபடியும் வளரும். தேய்ந்த அறைச் சுவர் வளராது. மலிவான பென்டிரைவுகளில் ஓர் அறை தாங்குவது ஆயிரம் முறை என்ற கணக்கில்தான். சிலவற்றில் அதற்கும் குறைவு.

இருப்பு அறைகள் தீர்ந்துபோனாலோ, உள்ளே வேறு பிழை தென்பட்டாலோ, கட்டுப்பாட்டுச் சில்லு ஒரு முடிவுக்கு வருகிறது. "இனி எழுதினால் இருப்பதும் கெட்டுவிடும். எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்" என்று கதவை ஒரு பக்கம் சாத்திவிடுகிறது. இந்தப் பூட்டைத் திறக்க வழி இல்லை என்று சான்டிஸ்க் போன்ற பெரிய உற்பத்தி நிறுவனங்களே கூறுகின்றன. நாம் முன்னே சொன்ன கறுப்புச் சாளரத்தில், கட்டளை கொடுத்த பிறகும் 'ரீட்-ஒன்லி' வரியில் 'நோ' என்று இருக்க, 'கரண்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்' வரியில் மட்டும் 'யெஸ்' என்றே நின்றால் பூட்டைப் போட்டது விண்டோஸ் அன்று, பென்டிரைவே என்று ஊகித்துக்கொள்ளலாம். உடம்பில் விசையும் இல்லை, எந்தக் கணினியிலும் எழுதவில்லை, 'ஃபார்மட்' செய்யவும் மறுக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

இதைப் பலர் கோளாறு என்று திட்டுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. சாகும் தறுவாயிலும் பொருளைப் பத்திரமாக ஒப்படைக்க நினைக்கும் வேலைக்காரனை யாராவது திட்டுவார்களா? அது கொடுக்கும் அவகாசம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. சில மாதமாகவும் இருக்கலாம், இன்று மாலை வரையாகவும் இருக்கலாம். "எந்தப் பூட்டையும் உடைப்போம்" என்று இணையத்தில் கிடைக்கும் இலவச மென்பொருள்களைத் தேடி அந்த அவகாசத்தை வீணாக்க வேண்டாம். அவற்றுள் சில, கணினிக்குள் நச்சு நிரலைக் கொண்டு வந்து இறக்கும். கடைக்காரரிடம் கொடுப்பதானால், "படியெடுத்துக் கொடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். "சரிசெய்து கொடுங்கள்" என்றால் அவர் அறிந்த சரிசெய்தல் ஃபார்மட்டாக இருக்கக்கூடும்.

படியெடுத்ததை எங்கே வைப்பது? இன்னொரு பென்டிரைவில் மட்டும் வைப்பது போதாது. அறைகளில் அடைத்த மின்னூட்டம் ஆண்டுக் கணக்கில் சும்மா கிடந்தால் மெல்லக் கசியும். தகரக் கூரையின் கீழே அலமாரியில் வெந்து கிடந்தால் இன்னும் விரைவாகக் கசியும். ஒரு படி கணினியிலோ வெளிவட்டிலோ இருக்கட்டும்; மற்றொரு படி வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும். இணையச் சேமிப்பில் இடமிருந்தால் அங்கும் ஒன்று. புதிதாகப் பென்டிரைவ் வாங்கும்போது, இரவுச் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் பெருங்கொள்ளளவுக் கருவிகளைக் கண்டு மயங்க வேண்டாம். சிறிய சில்லை வைத்துவிட்டு, பெரிய கொள்ளளவு இருப்பதாகக் கணினிக்குப் பொய் சொல்லும்படி செய்த போலிகள் அவற்றுள் உண்டு. முதலில் வைத்த சில படங்கள் இருக்கும். பின்னால் வைத்தவை பெயர் மட்டும் தெரிந்து, திறந்தால் ஒன்றும் இராது.

கடைசியாக ஒன்று. தானே பூட்டிக்கொண்ட பென்டிரைவில் எழுத முடியாது என்றால், எதையும் அழிக்கவும் முடியாது. அப்பாவின் அடையாள அட்டைப் படமும் வங்கிக் கணக்குத் தாளும் அதற்குள் இருந்தால், அவை அங்கேயேதான் இருக்கும். யார் எடுத்துச் செருகினாலும் படிக்கலாம். ஆகவே அதை அப்படியே குப்பையில் போடாதீர்கள். மாற்றிக் கொடுக்கிறோம் என்று உத்தரவாத அட்டையைக் காட்டும் கடையிடமும் யோசித்தே கொடுங்கள். எல்லாம் படியெடுத்தாயிற்று, எடுத்த படங்கள் சரியாகத் திறக்கின்றன என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்ட பிறகு, மேல் உறையைக் கழற்றி, உள்ளே இருக்கும் கறுப்புச் சில்லைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கிவிடுங்கள். பென்டிரைவில் கறுப்புச் சில்லுகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கலாம்; நினைவுச் சில்லு பெரும்பாலும் அவற்றுள் பெரியது. எது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையுமே நொறுக்குங்கள். நொறுங்கிய துண்டுகளை மின்னியல் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடலாம்.